பக்கத்து நிலத்து மழை
பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் நிலத்தடி நீர் பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு



எல்லையில் வாழ்கிற நமக்கு ஆற்றுநீர்ப் பேச்சு புதிதல்ல. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தானது என்பதும், மணக்கடவு அணைக்கட்டு வழியாகச் சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. வந்தாக வேண்டும் என்பதும் இங்கே டீக்கடையிலேயே காதில் விழும். இடுக்கிப் பக்கம் போனால் முல்லைப் பெரியாறு: 1886ஆம் ஆண்டுக் குத்தகை, 1895இல் கட்டி முடித்த அணை, அடிக்கணக்கில் சொல்லப்படும் நீர்மட்டம். ஆற்றுநீருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, அளவுகோல் இருக்கிறது, தகராறு வந்தால் போக நீதிமன்றம் இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறையில் தென்னைக்குப் பாய்கிற நீரில், வண்டன்மேட்டில் மாசி பங்குனியில் ஏலத்துக்குத் தெளிக்கிற நீரில், நம் வீடுகளில் குடத்தில் இருக்கிற நீரில் ஒரு பெரும்பங்கு கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் வருகிறது. அந்த நீருக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. இந்த ஆண்டு எவ்வளவு எடுத்தோம் என்று எழுதிவைக்கும் பழக்கம்கூட நம்மிடம் இல்லை. என் நிலத்துக்கு அடியில் இருப்பது என்னுடையது என்ற ஒரே எண்ணத்தை வைத்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டோம். அந்த எண்ணம் பாறையின் இயல்புக்குப் பொருந்தாது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. நம் கிணற்றில் ஊறுகிற நீர் பெரும்பாலும் வேறொருவர் நிலத்தில் பெய்த மழை. நம் நிலத்தில் பெய்த மழை வேறொருவர் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் பாறை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஓர் இடைவெளி விட்டிருக்கிறது; அதுதான் பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் நெல்லியாம்பதியும். கணவாயின் தரைக்கடியிலும், தெற்கே தள்ளி ஏலமலையிலும் தேவிகுளத்திலும் இருப்பவை ஒரே குடும்பத்துப் பாறைகள்தான்: நைஸ், சார்னோகைட் போன்ற மிகப் பழைய கருங்கற்கள். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. தஞ்சாவூர் வண்டலைப் போலவோ கங்கைச் சமவெளி மணலைப் போலவோ இவற்றுக்குள் நீர் புகுந்து தங்குவதற்கு இடமில்லை. நல்ல கருங்கல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே காய்ந்துதான் இருக்கும்.

அப்படியானால் கிணற்றில் நீர் எப்படி வந்தது? கிணறு வெட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மேலே செம்மண்ணோ, கிழக்குப் பக்கமாக இருந்தால் கரிசலோ. அதற்கடியில் சரளை. அதற்கும் கீழே கடப்பாரைக்கு உதிர்கிற உக்கிப்போன பாறை. அப்புறம் வெடி வைத்தால்தான் பெயர்கிற கருங்கல். மழையும் வெயிலும் பல லட்சம் ஆண்டுகளாகக் கருங்கல்லைத் தின்று உதிர்த்து வைத்த அந்த உக்கிய பாறை அடுக்குதான் நம்முடைய நீர்த்தொட்டி. பல இடங்களில் அதன் கனம் பத்து மீட்டர், இருபது மீட்டர். சில இடங்களில் அதுகூட இல்லை. அதற்குக் கீழே கருங்கல்லில் ஓடும் விரிசல்கள் தொட்டியிலிருந்து இறங்குகிற குழாய்கள். தொட்டி பெரிதாக இருக்கலாம், சிறிதாக இருக்கலாம். குழாய் நீளமாக இருக்கலாம், குட்டையாக இருக்கலாம். குழாய்க்குள் தங்குகிற நீர் கொஞ்சம்தான். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பேச்சின் மிச்சப் பகுதி எளிது.

தொட்டி எவ்வளவு பிடிக்கும்? மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1997இல் வகுத்த அளவுகளைத்தான் நாடு முழுவதும் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். களிமண் கலந்த உக்கிய நைஸ் பாறையிலிருந்து நாம் எடுக்கக்கூடிய நீர், அதன் கன அளவில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு என்கிறது அந்தக் குழு. ஒரு ஏக்கருக்குக் கீழே பத்து மீட்டர் கனத்துக்கு உக்கிய பாறை முழுக்க நனைந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நமக்குக் கிடைப்பது ஆறு லட்சம் லிட்டர். அவ்வளவுதான் இருப்பு.

வரவு எவ்வளவு? பெய்கிற மழையில் பெரும்பகுதி வெயிலுக்கும் வேருக்கும் ஓடைக்கும் போய்விடும். இத்தகைய பாறை நிலத்தில் மழையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு கீழே இறங்கும் என்பது அதே குழுவின் அளவு. சார்னோகைட்டாக இருந்தால் ஐந்து பங்கு. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பஞ்சாயத்துகள் மழைமறைவில் இருப்பவை. மலையாள நாட்டின் மற்ற ஊர்கள் பார்க்கிற மழையை எருத்தேம்பதியும் வடகரப்பதியும் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கரில் இறங்குவது மூன்றேகால் லட்சம் லிட்டர்.

இனிச் செலவு. ஏக்கருக்கு 70 தென்னை. சொட்டுநீரில் மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் என்பது சிக்கனமான கணக்கு. ஆறு மாதம் பாய்ச்சினால் ஏக்கருக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல் போகிறது. மூன்றேகால் லட்சம் வரவில் எட்டு லட்சம் செலவு. எந்தப் பேராசையும் இல்லாத, சொட்டுநீர் போட்டுச் சிக்கனமாக விவசாயம் செய்கிற ஒருவருடைய கணக்கு இது. அந்த மீதி ஐந்து லட்சம் லிட்டர் எங்கிருந்து வருகிறது? ஆழியாற்றுக் கால்வாயிலிருந்து கொஞ்சம் வருகிறது. மற்றது பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்தும், மேய்ச்சல் தரையிலிருந்தும், ஏரிக்கரையிலிருந்தும் நிலத்தடியாக வருகிறது. நீர் பாய்ச்சாமல் விட்டுவைத்த நிலத்தின் மழையை, பாய்ச்சுகிற நிலம் வாங்கிக்கொள்கிறது. எல்லாரும் பாய்ச்சத் தொடங்கினால் கொடுக்க ஆள் இருக்காது. சித்தூர் வட்டாரம் அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்ட பகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் வகைப்படுத்தியதன் பொருள் இதுதான்: ஓராண்டு வரவைக் காட்டிலும் ஓராண்டுச் செலவு கூடுதல்.

நீர் நிலத்தடியாக வருகிறது என்றேன். எப்படி, எவ்வளவு வேகத்தில்? பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து நீரோட்டம் பார்ப்பவர்களுக்கு இன்றும் மரியாதை உண்டு. நிலத்தடி நீர் ஆறாக ஓடுவது சுண்ணாம்புப் பாறைக் குகைகளில். நம் பாறையில் அது கசிகிறது. பிரான்சு நாட்டின் திஜோன் நகரில் குடிநீர்த் திட்டம் அமைத்த ஆன்றி தார்சி என்ற பொறியாளர், மணல் அடைத்த உருளையில் நீரை விட்டு அளந்து 1856இல் ஒரு விதியை வெளியிட்டார். நீர் நகரும் வேகம் இரண்டைப் பொறுத்தது: பாறை எவ்வளவு வழிவிடுகிறது, நீர்மட்டம் எவ்வளவு சரிந்திருக்கிறது. நம் உக்கிய பாறையில் நாளொன்றுக்கு ஒரு சாண் நகர்ந்தால் நல்ல வேகம். ஆண்டுக்கு எண்பது மீட்டர். ஒரு கிலோமீட்டர் மேற்கே இருக்கிற கிணற்றுக்கு அது போய்ச் சேரப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாகும். ஆழியாறும் கோரையாறும் தமிழ்நாட்டுப் பக்கம் பிறந்து மேற்கே பாரதப்புழைக்குச் சரிகிற நிலம் இது. நிலத்தடி நீரும் பெரும்பாலும் அந்தச் சரிவையே பின்பற்றும். மாநில எல்லையில் அது நிற்பதில்லை.

இந்த மெதுநடையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஆழத்தில் விரிசல்களுக்குள் நெடுங்காலம் கிடக்கிற நீர், பாறையிலுள்ள தாதுக்களைக் கரைத்துக்கொள்கிறது. சித்தூர் வட்டத்தின் பல போர்களில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதற்கு ஆலை எதுவும் காரணமில்லை. பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்கள் கொண்ட நைஸ் பாறையே காரணம். ஆழம் போகப் போக நீர் தூயதாகும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. குழந்தைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்த ஊர்களில் அந்த நம்பிக்கையைக் கைவிட்டாக வேண்டும்.

இப்போது போர் போடும் ரிக் வண்டிக்கு வருகிறேன். 1966–67 பீகார் பஞ்சத்தை ஒட்டி, கருங்கல்லைக் காற்றழுத்தத்தால் துளைக்கும் வேகமான துளைப்பொறிகளை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. குடிநீருக்காக வந்த பொறி அது. சில பத்தாண்டுகளில் நம் திருச்செங்கோடு இந்தியா முழுவதற்கும் ரிக் வண்டிகளை அனுப்பும் ஊராயிற்று; கோயம்புத்தூர் மோட்டார் செய்து தந்தது. இரண்டு தலைமுறை மண்ணை வெட்டி எடுத்த கிணற்றின் ஆழத்தை ஒரே பகலில் பத்து மடங்கு தாண்டிவிடலாம் என்றானது. குடிநீருக்குத் தலையில் குடம் சுமந்த பெண்களுக்கு அந்தப் பொறி செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் போர் என்ன செய்கிறது என்று பாருங்கள். மேலே உக்கிய பாறை முடியும்வரை கேசிங் பைப் இறக்கி அடைத்துவிடுகிறோம். அதாவது தொட்டியிலிருந்து நேரே எடுப்பதில்லை. கீழே நூறடியிலோ முந்நூறடியிலோ ஒரு விரிசலைத் தொடுகிறோம். மோட்டார் ஓடுகிறது, இரண்டு இஞ்ச் தண்ணீர் கொட்டுகிறது, எல்லாரும் மகிழ்கிறோம். அந்த விரிசலில் இருந்த நீர் சில நாளில் தீர்ந்துபோயிருக்க வேண்டும், தீரவில்லை. மேலே இருக்கிற தொட்டி அதற்கு இறங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தத் தொட்டியில்தான் பக்கத்து வீட்டுக்காரரின் நாற்பதடிக் கிணறும் நிற்கிறது. அவருக்குத் தெரிவதெல்லாம் இந்த ஆண்டு தை மாதமே கிணறு வற்றிவிட்டது என்பதுதான். வற்றியதற்குக் காரணம் மழை என்று நினைத்துக்கொள்வார். கையில் பணம் இருந்தால் அவரும் ரிக் வண்டியைக் கூப்பிடுவார். இல்லாதவர் லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பார்.

ஆயிரம் அடி இறங்கிப் புகைதான் வந்தது என்று சொல்கிற விவசாயிகளைக் கொங்கு நாடெங்கும் பார்க்கலாம். நகையை அடகு வைத்துப் போட்ட போராக இருக்கும். ஆழம் கூடக் கூட மேலிருக்கிற பாறையின் எடை விரிசல்களை இறுக்கிவிடுகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்த விரிசல் கிடைத்தாலும் அதற்கு நீர் வரவேண்டிய தொட்டி மேலே பழைய இடத்தில்தான் இருக்கிறது. தொட்டி காலியான பிறகு நீளமான குழாய் போட்டு என்ன பயன்?

பிளாச்சிமடையைப் பற்றிப் பேசாமல் இந்த மண்ணில் நிலத்தடி நீரைப் பற்றிப் பேச முடியாது. சித்தூர் வட்டம், பெருமாட்டி பஞ்சாயத்து. ஆழியாற்று நீரைத் தேக்குகிற கம்பாலத்தறை, வெங்கலக்கயம் ஏரிகள் இருக்கிற பகுதி. 2000ஆம் ஆண்டில் அங்கே 34 ஏக்கர் வளாகத்தில் இந்துஸ்தான் கோகோ கோலா நிறுவனத்தின் ஆலை உற்பத்தி தொடங்கியது. ஓரிரு ஆண்டுக்குள் சுற்றியிருந்த குடியிருப்புகளில் கிணறுகள் இறங்கின. இருந்த நீரும் கெட்டது. அரிசி வேகவில்லை, குளித்தால் உடம்பு அரித்தது என்று பெண்கள் முறையிட்டார்கள். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. முன்னின்றவர் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. தமிழ் பேசிய பெண், பள்ளிக்கூடம் பார்க்காதவர். அவருடைய ஆதாரமெல்லாம் தினமும் தான் இறைத்த கிணறுதான். 2007 ஜனவரியில் இறக்கும்வரை அவர் அந்தப் போராட்டப் பந்தலை விட்டு நகரவில்லை என்றே சொல்லலாம்.

2003 ஏப்ரலில் பெருமாட்டி பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2003 டிசம்பர் 16 அன்று நீதியரசர் கே. பாலகிருஷ்ணன் நாயர் அளித்த தீர்ப்பை நிலத்தடி நீர் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் வாசிக்க வேண்டும். நிலத்தடி நீர் மக்களுடைய சொத்து. அரசு அதன் காவலாளி மட்டுமே. 34 ஏக்கர் வைத்திருக்கிற ஒரு நில உடைமையாளர் பயிருக்கு இயல்பாகப் பயன்படுத்தக்கூடிய அளவு நீரைத்தான் நிறுவனமும் எடுக்கலாம் என்றார் அவர். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது. தடுக்கச் சட்டம் இல்லாதவரை தன் நிலத்து நீரை எடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றும், வழக்கமான மழை பெய்யும் ஆண்டில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றும் சொன்னது. வல்லுநர் குழு ஒன்றின் அறிக்கை அந்த எண்ணுக்கு அடிப்படை.

நாம் முன்பு போட்ட கணக்கை இங்கே கொண்டுவாருங்கள். 34 ஏக்கரில் ஓராண்டு மழை கொடுப்பது ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் லிட்டர். நாளுக்கு 5 லட்சம் என்றால் அது 22 நாளுக்கு வரும். மீதி 343 நாளுக்கு வேண்டிய நீர் வேலிக்கு வெளியே பெய்த மழை. ஆலை எடுப்பது மொத்தம் ஆண்டுக்கு 18 கோடியே 25 லட்சம் லிட்டர். 560 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் மொத்த ஆண்டு வரவு. கால்வாய்க் கசிவையும் ஏரி ஊறலையும் சேர்த்தால் ஏக்கர்க் கணக்கு குறையும் என்று ஒருவர் வாதிடலாம், நியாயம்தான். ஆனால் கால்வாயும் ஏரியும் யாருடையவை? ஒரு பெரிய வட்டாரத்தை மொத்தமாக எடுத்து, இத்தனை கோடி லிட்டர் இறங்குகிறது, அதில் 5 லட்சம் சிறு துளி என்று காட்டுவது கணக்கில் பிழையில்லாமலே செய்யக்கூடிய காரியம். அந்த வட்டாரத்து நீரில் ஏற்கெனவே எத்தனை கிணறுகள் நிற்கின்றன என்பதைச் சேர்க்காமல் விட்டால் போதும். என் மனத்துக்கு முதல் தீர்ப்பே சரி. அது கருணையால் எழுதியதாகத் தோன்றலாம். பாறையின் இயல்பை ஒட்டி எழுதியதும் அதுதான்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2002ஆம் ஆண்டுக் கேரள நிலத்தடி நீர்ச் சட்டத்தின் கீழ் 2005இல் சித்தூர் வட்டாரம் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2010இல் அரசின் உயர்மட்டக் குழு, மக்களுக்கும் மண்ணுக்கும் நேர்ந்த இழப்பு ரூ. 216.26 கோடி என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011 பிப்ரவரியில் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2017இல், ஆலையை மறுபடி திறக்கும் எண்ணம் இல்லை என்று நிறுவனம் சொன்னதும் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. அதனால் நிலத்தடி நீர் யாருடையது என்ற கேள்விக்கு அந்த வழக்கில் கடைசிவரை விடை வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று இன்றும் ஆதங்கப்படுகிறேன்.

இரு நீதிபதிகள் அமர்வு நம்பி நின்ற அந்த நில உரிமையாளர் உரிமை எங்கே பிறந்தது? இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியவரால் பக்கத்துப் பஞ்சாலையின் கிணறு வற்றியது. 1843இல் தீர்ப்பு வந்தது: நிலத்துக்கடியில் நீர் எப்படிப் போகிறது என்பது எவரும் அறியாதது, ஆகவே சுரங்கக்காரர் பொறுப்பல்ல. தார்சி தன் விதியை வெளியிடுவதற்கு 13 ஆண்டு முந்திய தீர்ப்பு அது. அறியாமையை அடிப்படையாக வைத்த அந்த உரிமை, 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டாக நுழைந்து இன்றுவரை நம் நிலத்தை ஆள்கிறது. இன்று நமக்கு நீர் போகும் வழி தெரியும், வேகம் தெரியும், அளவும் தெரியும்.

இனி இடுக்கி. மழைக்குப் பஞ்சமில்லாத மலை என்று பெயர். மூணாறில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அங்கிருந்து 40 கிலோமீட்டர் இறங்கினால் மறையூர், இன்னும் கொஞ்சம் போனால் சின்னாறு. சின்னாற்றில் 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான். பாம்பாறு அங்கிருந்து கிழக்கே ஓடி அமராவதிக்குப் போகிறது. மழை கொட்டுகிற உடும்பஞ்சோலைத் தோட்டங்களில்கூடப் பங்குனியில் தண்ணீர் இல்லை. காரணம் தார்சியின் விதிக்குள்ளேயே இருக்கிறது. சித்தூர்ச் சமவெளியில் இருநூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிகிற நீர்மட்டம், மலைச்சரிவில் மூன்று மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிகிறது. பாறை ஒன்றேயானாலும் வேகம் அறுபது மடங்குக்கு மேல். மழையில் நிறைந்த மண் மார்கழிக்குள் பாதி வடிந்துவிடும். சுனைகளும் ஓடை ஊற்றுகளும் மாசியில் மெலியும். பாலக்காட்டின் கிழக்கில் வரவு குறைவு. இடுக்கியின் கிழக்கில் வந்தது தங்குவதில்லை. இரண்டு இடத்திலும் தொட்டி சிறிது.

மலையில் அந்தச் சிறு தொட்டியைக் காத்தது சோலையும் புல்வெளியும் ஏலத்துக்கு மேல் நின்ற நிழல் மரங்களும். வட்டவடை, காந்தலூர்ப் பக்கம் கிராண்டிஸ் தைல மரம் நட்டபின் ஊற்றுகள் வறண்டன என்று விவசாயிகள் நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். வேகமாக வளர்ந்து ஆழ வேர்விடும் தைல மரம் மெல்லிய மண்ணடுக்கில் என்ன செய்யும் என்பது ஊகிக்கக் கடினமானதல்ல. ஏலக்காட்டில் இப்போது இரண்டு வழி: ஒன்று போர், மற்றது படுதாக்குளம். மழைக்காலத்து நீரைப் பிளாஸ்டிக் படுதா விரித்த குளத்தில் பிடித்து வைத்துக் கோடையில் தெளிப்பது நல்ல வழி. பக்கத்தவர் கிணற்றைத் தொடாத வழி. போர் அப்படியல்ல. மலையில் மேட்டில் போடுகிற போர், பள்ளத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் குடிநீர் தருகிற ஊற்றின் குழாயை நடுவில் திறந்துவிடுகிறது. 2024 கோடையில் ஏலக்காடுகள் கருகியபோது போட்ட போர்களின் விளைவை அந்தந்த ஊற்றில் குடம் வைக்கிறவர்கள்தான் முதலில் அறிவார்கள். தோட்ட முதலாளிக்கும் கூலிக்காரருக்கும் ஒரே தொட்டி என்பதை எந்தத் தோட்டக் கணக்கிலும் நான் பார்த்ததில்லை.

அதே மண்ணடுக்கு நிறைந்து வழியும்போது வேறு முகம் காட்டும். மண்ணுக்கும் கருங்கல்லுக்கும் இடையே தேங்குகிற நீர் வெளியேற வழியின்றி அழுத்தம் கூடினால், மண்ணைப் பாறையோடு பிடித்து வைக்கிற உராய்வு குறைந்து சரிவே பெயர்ந்துவிடும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர் போனார்கள். பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் தேயிலைக்கு வந்த குடும்பங்கள். நிலத்தடி நீர் என்றால் கோடைப் பிரச்சினை என்று மட்டும் நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். லயங்களை எங்கே கட்டலாம் என்று முடிவெடுப்பதற்கு முன் மண் எவ்வளவு நீர் தாங்கும், அது எந்த வழியாக வடியும் என்று பார்ப்பது நிலத்தடி நீர் ஆய்வின் வேலைதான். அது உயிர் காக்கிற வேலை. இடுக்கியின் சில சரிவுகளில் மண்ணுக்குள்ளேயே நீர் குடைந்து சுரங்கம் போன்ற துளைகள் உண்டாவதைத் திருவனந்தபுரம் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் ஆராய்ந்திருக்கிறது. வெளியே பார்த்தால் பச்சைத் தோட்டம்; உள்ளே வெற்றிடம்.

2018 ஆகஸ்ட் வெள்ளம் வடிந்த ஓரிரு வாரத்தில் கேரளத்தின் பல இடங்களில் கிணறும் ஆறும் சட்டென்று இறங்கியதைப் பார்த்து மக்கள் திகைத்தார்கள். அவ்வளவு மழை எங்கே போயிற்று? தொட்டி நிறைந்தபின் பெய்தது எல்லாம் ஓடிப்போயிற்று. போகும்போது மேல்மண்ணையும் ஆற்று மணலையும் வாரிக்கொண்டு போயிற்று. மழையின் அளவு தொட்டியின் அளவைக் கூட்டாது.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஏரிகளைத் தூர்வாருவதும் வயல்களைக் காப்பதும் பலர் சொன்னவை, சரியானவை. 1970களில் கேரளத்தில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேலிருந்த நெல்வயல் இன்று ஏறத்தாழ இரண்டு லட்சம் ஹெக்டேர். வரப்புக் கட்டி நீரை நிறுத்துகிற ஒவ்வொரு வயலும் தொட்டிக்கு நீர் இறக்கிய இடம். அட்டப்பாடியில் ஏஹாட்ஸ் அமைப்பு மொட்டைச் சரிவுகளில் மண்ணணை போட்டு மரம் வளர்த்தபின், வறண்டு கிடந்த கொடுங்கரைப்பள்ளத்தில் மறுபடி நீர் ஓடியதும் நம் மாவட்டத்திலேயே நடந்தது.

ஆனால் வரவைக் கூட்டுவது பற்றி மட்டும் பேசிக்கொண்டு செலவைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது நமக்கு வசதியான பேச்சு. ஒன்றுபட்டிருந்த ஆந்திராவில் வறண்ட ஏழு மாவட்டங்களில், விவசாயிகளே மழைமானி வைத்து, தங்கள் போர்களின் நீர்மட்டத்தைத் தாங்களே அளந்து, ஊர்ச்சுவரில் எழுதி, ரபி பருவத்துக்கு முன் கூடி உட்கார்ந்து எந்தப் பயிருக்கு எவ்வளவு நீர் என்று கணக்குப் பார்த்தார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு துணை நின்ற திட்டம் அது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எண்கள் சுவரில் இருந்தன, அவ்வளவுதான். மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜார் ஒரு படி மேலே போய், பாசனத்துக்குப் போர் போடுவதில்லை என்று ஊராகவே முடிவெடுத்தது.

பெருமாட்டி ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் உரிமத்தை மறுத்த பஞ்சாயத்து. ஆலையைக் கேட்ட கேள்வியைத் தன் தோப்புகளையும் கேட்கும் துணிவு அதற்கு உண்டென்று நம்புகிறேன். வார்டுக்கு இரண்டு பொதுக்கிணறுகளை அளவுக் கிணறுகளாக ஒதுக்கலாம். நம் கல்லூரி மாணவர்கள் மாதம் ஒருமுறை டேப்பை இறக்கி நீர்மட்டத்தை அளந்து பஞ்சாயத்துச் சுவரில் எழுதலாம். கொழிஞ்சாம்பாறை, முதலமடை, நெடுங்கண்டம், வண்டன்மேடு எங்கும் இதற்கு ஆகும் செலவு ஒரு போரின் செலவில் சிறு பங்குகூட வராது. கார்த்திகையில் மழை ஓய்ந்ததும் கிராம சபையில் அந்த எண்களை வைத்து, வரும் கோடைக்குக் குடிநீருக்கு இவ்வளவு, தென்னைக்கும் ஏலத்துக்கும் இவ்வளவு என்று பேசலாம். புதிய போருக்கு அனுமதி கேட்பவர், தன் ஏக்கரின் வரவுக்கு மேல் எடுக்கப்போகும் நீர் யாருடைய கிணற்றிலிருந்து வரும் என்பதை அந்தச் சபையில் எழுந்து நின்று சொல்லட்டும்.